அவனை யாரும் பாட வேண்டாம்

மும்பை
4 மார்ச் 2024

கொங் பிடாலியாவுக்கு,

‘கொங்’ என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. இருபது வருடம் பேசாமல் இருந்தவளை ‘ஏய் பிடா’ என்று தொடங்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஷில்லாங் கல்லூரியில் வரலாற்றுத் துறைத் தலைவியாமே. அதனால் அக்கா என்று மரியாதையாகவே கூப்பிடுகிறேன், நான் உன்னைவிட இரண்டு வயது மூத்தவன் என்றாலும்.

மூன்று மின்னஞ்சல் போட்டோம், பதில் இல்லை. போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். கையால் எழுதிய கடிதத்தை நீ கிழித்துப் போடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் பேருந்துச் சீட்டைக்கூடப் பத்திரப்படுத்துபவள் நீ.

விஷயம் இதுதான். நம் ‘நமுத்த தீக்குச்சிகள்’ இசைக்குழுவைப் பற்றி ஒரு படம் எடுக்கிறார்கள். ஆவணப்படம் இல்லை. நடிகர்கள், சண்டை, கண்ணீர் எல்லாம் உள்ள முழுப் படம். உன் மாமா வீட்டுக் கார் ஷெட்டில் நால்வராகத் தொடங்கி, திமாப்பூர் மைதானத்தில் பன்னிரண்டாயிரம் பேர் முன்னால் நின்றுபோன நம் ஐந்து வருடம். இயக்குநர் ரேவா, இந்த ஊர்ப் பெண், கெட்டிக்காரி. இசைக்கு நான் பொறுப்பு. நம் பாடகன் கிட்போக்காக நடிப்பவன் மேபான், ஜோவாய்ப் பையன். முதல் நாள் அவன் கிதாரை மாட்டிக்கொண்டு திரும்பியபோது நான் வெளியே போய்விட்டேன். அவ்வளவு கிட். நானாக நடிப்பவனுக்கு என்னைவிட முடி அதிகம். ஸ்டார்வெல் ஒத்துக்கொண்டான். அவன் இப்போது போதகர். பிரசங்க மேஜையை இன்னும் டிரம்ஸ் மாதிரிதான் தட்டுகிறானாம்.

மற்ற பாட்டுகளெல்லாம் நம் எல்லோர் பெயரிலும் இருக்கின்றன. ‘அக்கரை’ மட்டும் உன் ஒருத்தியின் பெயரில். அது இல்லாமல் இந்தப் படம் இல்லை. ஏப்ரலில் கிட்டின் ஊரிலேயே படப்பிடிப்பு. இதோடு இருக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

வான்

*

ஷில்லாங்
15 மார்ச் 2024

பாஹ் வான்,

நீங்கள் மூத்தவர்தான், ஆகவே நானும் அண்ணன் என்றே அழைக்கிறேன். காகிதத்தைக் கிழிக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. மற்ற பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அக்கரை’ வேண்டாம்.

காரணம் சொல்லாமல் மறுத்தால் நீங்கள் அதைக் கர்வம் என்பீர்கள். சொல்கிறேன். அந்த மெட்டு என்னுடையது இல்லை.

1999 டிசம்பர். உங்களுக்கு மஞ்சள் காமாலை. நான் மட்டும் கிட்டோடு அவன் ஊருக்குப் போனேன், ஆரஞ்சு பறிக்கும் சமயத்தில். பள்ளத்தாக்கின் அடியில் தோட்டத்தில் நின்றிருந்தோம். மேலே ஊரிலிருந்து ஒரு மெட்டு இறங்கி வந்தது. வார்த்தை இல்லை, வெறும் ஊ என்ற குரல், நீளமாக, ஓர் ஓடை கல்லைச் சுற்றிப் போய்க் கீழே சறுக்குவதுபோல். கிட் பறித்ததைக் கீழே வைத்துவிட்டு, வாயில் கை குவித்து வேறொரு மெட்டைத் திருப்பி அனுப்பினான்.

“என்ன பாட்டு இது?” என்றேன்.

“பாட்டு இல்ல. அது நான்தான்.”

பிள்ளை பிறந்ததும் அந்த ஊர்த் தாய் அதற்கென்று ஒரு மெட்டுக் கட்டுவாள். வீட்டுக்குள் கூப்பிடச் சின்னது, காட்டில் கூப்பிட நீண்டது. காட்டில் பெயரைச் சொன்னால் அங்கே இருப்பவை பெயரைக் கற்றுக்கொண்டு அழைக்குமாம். அதனால்தான் மெட்டு. ஒருவருடைய மெட்டு வேறு யாருக்கும் கிடையாது. அவர் இறந்ததும் அதை எடுத்து வைத்துவிடுவார்கள், பிறகு யாரும் பாடுவதில்லை.

நான் நகரத்துப் பெண், ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பியானோ வாசிப்பவள். எனக்கு அது அழகாக இருந்தது, அவ்வளவுதான். அழகானது எதுவும் பொதுச்சொத்து என்று நினைக்கும் வயது. பிப்ரவரியில் அந்த நீண்ட மெட்டை ‘அக்கரை’யின் பல்லவியாக வைத்தேன்.

ஒத்திகையில் அதைக் கேட்டதும் கிட் ஆம்ப்ளிஃபயர் மேல் உட்கார்ந்துவிட்டான். “பிடா, அந்த இடத்துல வேற ஏதாவது வெச்சுக்கலாமே” என்றான். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? “டேய், மாடு மேய்க்கிற மெட்டுக்கு இவ்ளோ பந்தாவா? நாளைக்கு உங்க ஊர் மாடெல்லாம் வந்து ராயல்டி கேக்கும்போல.” எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். பிறகு பாடினான்.

ஒரு தாய் தன் மகனைக் கூப்பிடுவதற்கென்று வைத்ததை நான் கேசட்டில் அடைத்து ஊர் ஊராக விற்றேன். இன்னொரு முறை விற்கமாட்டேன்.

பிடாலியா

*

மும்பை
27 மார்ச் 2024

பிடா,

இருபது வருடம் கழித்து இதைச் சொல்கிறாய். பாட்டு ஓடியபோது, டெல்லியில் உன்னை மேடைக்கு அழைத்துக் கைதட்டியபோது, இந்த மனச்சாட்சி எங்கே போயிருந்தது? டீ குடிக்கவா?

சரி, நானும் சொல்கிறேன். கிட் காணாமல் போனதற்கு மெட்டு காரணம் இல்லை. திமாப்பூருக்கு முந்தைய மாதம் முழுவதும் அவன் தூங்கவில்லை. “எல்லாரும் கூப்பிடுறாங்க வான். எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல” என்பான். நான் குடிக்காதே என்று திட்டினேன். அவன் குடிக்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று மேடைக்குப் பின்னால் அவனை அறைந்தேன். அது உனக்குத் தெரியாது. கன்னத்தில் என் கையோடுதான் அவன் மேடை ஏறினான். பல்லவியை மைதானம் முழுக்கப் பாட, கிதாரைக் கழற்றி வைத்தான், படி இறங்கினான், பேருந்து நிலையம் வரை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. ஒருவன் கோபித்துக்கொண்டு போய் எங்கோ செத்துப்போனதற்குப் பேய்க்கதை தேவையில்லை. நான் போதும்.

இந்தப் படம் எனக்கு எதற்கு என்று நினைக்கிறாய்? அந்த அறையை யாராவது ஒரு நடிகன் எனக்குப் பதிலாக அறையட்டும் என்றுதான்.

உன் கையெழுத்து வரும்வரை மற்றவற்றை எடுக்கிறோம். ஒத்திகைக்குப் பழைய பதிவைப் போட்டுக்கொள்ள யார் அனுமதியும் வேண்டாம்.

வான்

*

கிட்டின் ஊர்
19 ஏப்ரல் 2024

பிடா,

இங்கே சிக்னல் கிடையாது. ஷில்லாங்குக்கு அரிசி வாங்கப் போகும் எங்கள் ஓட்டுநரிடம் இதைக் கொடுக்கிறேன். இன்றே உன் கைக்கு வரும். இதை ரேவாவிடம் காட்டவில்லை.

வந்து ஆறு நாள். கிட்டின் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். ‘மெய்’ என்றேன், அவன் அம்மாவைக் கூப்பிடுவது போலவே. எழுபத்தாறு வயது. என்னை அடையாளம் தெரிந்தது. பாக்கு நறுக்கி, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக் கொடுத்தாள். “நல்லா சதை போட்டுட்டே. பம்பாய்ல பன்னியெல்லாம் உன்கிட்டதான் வருதா?” என்றாள். படம் எடுப்பதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. பாட்டைப் பற்றி நான் சொல்லவில்லை.

முதல் நாள் மாலை, மேபான் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் காட்சி. அவனுக்கு உணர்ச்சி வருவதற்காக ஒலிபெருக்கியில் ‘அக்கரை’யின் பல்லவியைப் போட்டோம். முடிந்து இரண்டு மூச்சு இருக்கும். கீழே காட்டிலிருந்து ஒரு சீழ்க்கை வந்தது. ஒரு முழு மெட்டு. ஊர்ப் பிள்ளைகள் என்று நினைத்தோம். மறுநாளும் வந்தது. ஒவ்வொரு முறை போடும்போதும் வந்தது. ஊரில் கேட்டால் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விடுகிறார்கள். நாங்கள் ஒலிபெருக்கியைத் தூக்கினாலே கதவைச் சாத்துகிறார்கள்.

ஒலிப்பதிவாளர் பிரணாப் அசாம்காரன், எதையும் நம்பாதவன். ஒரு மைக்கை ஊரிலும் இன்னொன்றைப் பள்ளத்தாக்கில் பாதி ஆழத்திலும் வைத்தான். நேற்று என்னைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தான். “பாஹ், ரெண்டு மைக்லயும் ஒரே அளவு சத்தம். கீழ இருக்கறதுல கூடணும் இல்ல? எங்கிருந்து வந்தாலும் ஒண்ணுல கூடணும், ஒண்ணுல குறையணும்.” அவன் பட்டியலில் என்ன எழுதினான் தெரியுமா? இடம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டான்.

இதற்காகக்கூட எழுதவில்லை. மெய் தினமும் மாலையில் பள்ளத்தாக்குக்கு இறங்கும் கல்படியில் வந்து உட்காருகிறாள். மேபான்தான் கவனித்தான். “அண்ணா, தினம் ஒரு பத்து படி கீழ போய் உக்காருது அந்தம்மா.” மொத்தம் எழுநூறு படி. நேற்று ஐம்பதாவதில் இருந்தாள்.

வான்

*

ஷில்லாங்
21 ஏப்ரல் 2024

வான்,

ஒலிபெருக்கியை நிறுத்து. இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்கு முன்னால் போய் நிறுத்திவிட்டு வா.

உனக்குத் தெரியாத ஒன்று. அந்த ஊரில் மெட்டால் கூப்பிடப்பட்டவர், கூப்பிட்டவரின் மெட்டைப் பாடித்தான் பதில் சொல்வார். நீ என்னைக் கூப்பிட்டாயா, இதோ உன்னைக் கேட்டேன் என்பதுபோல. தோட்டத்தில் கிட் திருப்பி அனுப்பியது அவன் அம்மாவின் மெட்டு. உயரத்தில் மூன்று சிறிய துண்டுகள், பிறகு ஒரே சறுக்கலாகக் கீழே, கடைசியில் ஒரு சின்ன ஏற்றம். நீங்கள் கேட்டது அதுதானா? அதுதான் என்றால் அவளுக்கு என்ன கேட்டிருக்கும் என்று யோசித்துப் பார். இருபது வருடம் தினமும் கூப்பிட்டவள் அவள். இப்போதுதான் பதில் வருகிறது.

நீ உன் அறையைச் சொல்லிவிட்டாய். என்னுடையதையும் கேள். திமாப்பூருக்குப் போகும் வேனில் கிட் என் பக்கத்து இருக்கை. “இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ‘அக்கரை’ வேணாம் பிடா. அவங்க பாடும்போது எனக்குக் கால் தானா நகருது” என்றான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, “பன்னெண்டாயிரம் பேரு அதுக்குத்தான் வர்றாங்க” என்றேன். அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் திரும்பவில்லை.

நீ அறைந்ததால் அவன் போகவில்லை வான். அறைந்தவனோடு அவன் மறுநாளே சோறு சாப்பிடுவான். உனக்குத் தெரியாதா அவனை?

பிடா

*

கிட்டின் ஊர்
23 ஏப்ரல் 2024

பிடா,

அதே மெட்டுதான். மூன்று துண்டு, சறுக்கல், கடைசியில் ஏற்றம். உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். ரேவாவிடம் சொன்னேன். “இந்தச் சத்தம் கடவுள் குடுத்தது வான், இதைப் போய் நிறுத்தச் சொல்றீங்களே” என்றாள். நான் போய் ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கினேன். ஒயரைச் சுருட்டி என் பையில் போட்டுக்கொண்டேன். பெரிய சண்டை. நாளைக் காலை நான் மும்பைக்குத் திரும்புகிறேன். படத்தொகுப்புக்கு நான் வேண்டும் என்பதால் வேலையிலிருந்து நீக்கவில்லை.

ஆனால் நேற்று மாலை நாங்கள் எதையும் போடாமலேயே சீழ்க்கை வந்தது.

மெய் தொண்ணூறாவது படியில் இருந்தாள். நானும் மேபானும் ஓடினோம். மூச்சு வாங்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன். அவள் அழவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். “மெய், மேல வா. அது யாரோ” என்றேன்.

“யாரோ இல்ல. என்னைத்தான் கூப்பிடுது. ஆனா மூச்சு எடுக்கிற இடம் தப்பா இருக்கு.”

“என்ன தப்பு?”

“சறுக்கலுக்கு முன்னாடி என் மகன் மூச்சு எடுக்க மாட்டான். சின்ன வயசுலேருந்தே ஒரே மூச்சுதான். இது அங்க எடுக்குது.” என் முகத்தைப் பார்த்தாள். “உங்க ஆளுங்க பாட்டுல எடுப்பாங்களே, அந்த மாதிரி.”

பிடா, ‘அக்கரை’யின் பல்லவியிலும் ஒரு சறுக்கல் உண்டே, பாட்டைக் கச்சேரிக்கு ஏற்றபடி வெட்டி அதற்கு முன்னால் மூச்சு வைத்தவன் நான். கூட்டம் சேர்ந்து பாட வசதியாக இருக்கட்டும் என்று.

மேபான் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினான். பாதியில் அவன் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்ன என்று கேட்டேன். “நீ அவன் இல்லன்னு தெரியும், ஆனா முதுகு அதேதான்னு சொல்லுது” என்றான். 

நீ போக வேண்டும். நான் அவளுக்கு யாருமில்லை. நீயாவது ஆரஞ்சு பறித்திருக்கிறாய்.

வான்

*

கிட்டின் ஊர்
2 மே 2024

வான்,

ஐந்து நாளாக இங்கே இருக்கிறேன். படக்குழு போய்விட்டது. மழை தொடங்கிவிட்டது. மெய்யிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வேனில் நடந்தது உட்பட. சொல்லி முடிக்கும்வரை அவள் விளக்குமாற்றுப் புல்லைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“நீதான் எடுத்தேன்னு தெரியும். சோஹ்ரா சந்தையில ரேடியோவுல கேட்டேன். தேங்கா எண்ணெய் வாங்கப் போனவ, வாங்காம வந்துட்டேன். என் புள்ளைய இத்தனை பேரு கூப்பிடுறாங்களே, எந்த வீட்டுலயாவது சோறு போடுவாங்களான்னு நினைச்சேன்.”

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். இறந்து உடல் கிடைக்காதவர்களுக்கு இங்கே ஒரு சடங்கு உண்டு. மூன்று வழி கூடும் இடத்தில் நின்று, அவர் போன திசையைப் பார்த்து மூன்று சோழிகளை வீசி, வா, உன்னைச் சேர்த்தெடுக்கிறோம் என்று அழைக்க வேண்டும். விழுந்த சோழிகளை எலும்பாகப் பொறுக்கி, எரித்து, குலத்தின் கற்பெட்டியில் வைப்பார்கள். பிறகு அவர் கடவுள் வாசலில் உட்கார்ந்து பாக்கு தின்னலாம். கிட்டுக்கு அதைச் செய்யவில்லை. செய்ய முடியவில்லை. கடைசி அழைப்பு அவளுடையதாக இருக்க வேண்டும். அவள் அழைத்த மறுநாள் எங்கோ ஒரு கடையில் அந்தப் பாட்டு ஒலித்தால்?

“செத்தவனுக்கு ரெண்டு பக்கமும் வழி தெரியணும். இவனை எல்லாப் பக்கமும் இழுக்குறீங்க. நான் போறதுக்கு முன்னாடி அவனை அனுப்பிட்டுப் போகணும். எனக்கப்புறம் அவனுக்கு அம்மா யாரு?”

அதனால், வான், படத்தில் ‘அக்கரை’ வேண்டாம் என்பது மட்டும் போதாது. எங்கும் வேண்டாம். உரிமை என் பெயரில் இருப்பது இதற்காவது உதவட்டும். எல்லா இடங்களிலிருந்தும் எடுத்துவிடச் சொல்லிக் கையெழுத்திட்டு இதோடு அனுப்புகிறேன். நீ கேட்ட கையெழுத்து இல்லை. இது உன் படத்தின் உச்சக் காட்சியைப் பறிக்கும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

மாலைகளில் அது இன்னும் வருகிறது. நான் மெய்யின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொள்கிறேன்.

பிடா

*

மும்பை
20 ஆகஸ்ட் 2024

பிடா,

முடிந்தது. மூன்றரை மாதம் ஆனது. இணையத்தில் களைபோல எங்கெல்லாமோ முளைத்திருந்தது. எல்லாவற்றையும் எடுக்கவைத்தேன். வானொலி நிலையங்களுக்கு எழுதினேன். என் வீட்டிலிருந்த மூலநாடாவை எரித்தேன். என் மனைவி, “பூஜையா, புகைமூட்டமா?” என்று கேட்டாள்.

திமாப்பூர் காட்சியில் மேபான் வாய் திறக்கிறான், கூட்டம் வாய் திறக்கிறது, ஒலியே இல்லை. நாற்பது விநாடி. ரேவா முதலில் என் முகத்தில் தண்ணீரை ஊற்றினாள். பிறகு காட்சியைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். இப்போது அது தன் யோசனை என்று எல்லோரிடமும் சொல்கிறாள். சொல்லட்டும்.

முதல் காட்சி ஷில்லாங்கில், நவம்பர் 9, சனிக்கிழமை, மாலை நான்கு மணி. வருவாயா?

வான்

*

கிட்டின் ஊர்
29 செப்டம்பர் 2024

வான்,

நேற்றுச் சடங்கு நடந்தது. மழை விட்டிருந்தது. மெய்யின் குலத்தார் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். மூன்று வழி கூடும் இடத்தில் அவள் திமாப்பூர் திசையைப் பார்த்து நின்றாள். சோழிகளை வீசினாள். பிறகு அழைத்தாள், அந்த நீண்ட மெட்டை, சறுக்கலில் மூச்சு எடுக்காமல், ஒரே இழுப்பில். எழுபத்தாறு வயது நெஞ்சில் அத்தனை காற்று எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

பதில் வரவில்லை. எல்லோரும் காத்திருந்தோம். ஒரு பறவைகூடக் கத்தவில்லை. சோழிகளைக் குனிந்து பொறுக்கும்போதுதான் அழுதாள். “எவ்ளோ லேசாயிட்டான் பாரு” என்று என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

நேற்று மாலையும் இன்று மாலையும் பள்ளத்தாக்கு வெறும் பள்ளத்தாக்காக இருக்கிறது. மெய் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டே தூங்கிவிட்டாள். அவனுடைய மெட்டை எடுத்து வைத்தாயிற்று. இனி அவளும் பாடமாட்டாள்.

படம் பார்க்க வரமாட்டேன். அந்த வாரம் ஆரஞ்சு முதல் பறிப்பு. வருகிறேன் என்று மெய்யிடம் சொல்லியிருக்கிறேன். கல்லூரிக்கு விடுப்பு எழுதிவிட்டேன். உனக்கு நன்றி என்று எழுதப் பார்த்தேன். சின்ன வார்த்தையாக இருக்கிறது.

பிடா

*

ஷில்லாங்
10 நவம்பர் 2024

பிடா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அரங்கு நிறைந்திருந்தது. நானூறு பேர். பாதிப் பேர் நம் வயது, நம் குழுவின் பழைய பனியன்களைத் தொப்பைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு. ஒருவன் என்னைக் கட்டிப்பிடித்து, “பாஹ், நாங்கள்லாம் இன்னும் நமுக்கல” என்று கத்தினான். சந்தோஷமாக இருந்தேன், ஒளிக்கவில்லை.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் திமாப்பூர் காட்சி வந்தது. ஒலி நின்றது. திரையில் மேபான் வாய் திறந்தான்.

அரங்கு பாடியது.

முதலில் பின்வரிசையில் ஒரு பெண் குரல். அப்புறம் எல்லோரும். திரையில் அத்தனை பேர் வாயசைக்க, சத்தம் இல்லையென்றால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? நாமேதான் பாடச் சொல்லிக் கொடுத்தோம். எந்தக் கடையிலிருந்தும், எந்த வானொலியிலிருந்தும் எடுக்கலாம், நானூறு தொண்டையிலிருந்து எப்படி எடுப்பது? அது எனக்குத் தோன்றவே இல்லை பிடா. நாற்பது விநாடி இடத்தைக் காலி செய்து அவர்கள் கையில் கொடுத்தவன் நான்.

எழுந்து நின்று, “நிறுத்துங்க!” என்று கத்தினேன். மேபானும் ஓடி வந்து திரைக்கு முன்னால் கையை ஆட்டினான். பாதி மெட்டில், சரியாகச் சறுக்கலுக்கு முன்னால், அந்த மூச்சு எடுக்கும் இடத்தில் நின்றுபோனார்கள்.  ரேவா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லவேண்டாம்.

பாதியில் நிறுத்தியது நல்லதா கெட்டதா? அங்கே ஏதாவது கேட்டதா? உடனே எழுது. ஆரஞ்சு லாரிக்காரரிடம் இதைக் கொடுக்கிறேன்.

வான்

*

கிட்டின் ஊர்
12 நவம்பர் 2024

வான்,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. அது வருவதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மாலை, நீ சொல்லும் அதே நேரம். மெய் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். நான் ஆரஞ்சுக் கூடைகளுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கை தண்ணீரில் நின்றது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தாள்.

“யாரோ அவனைக் கூப்பிட்டுட்டாங்க” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “பாதியில விட்டுட்டாங்க.”

“மெய், அதெல்லாம் முடிஞ்சுபோச்சு.”

“பாதிக் கூப்பிட்டா என்ன ஆகும் தெரியுமா? போகவும் முடியாது, வரவும் முடியாது. ஒத்தைக் கால்ல நிப்பான்.” அவள் என் தோளைப் பிடித்து எழுந்தாள். “நான் எடுத்து வெச்சதை நானே எடுக்கக் கூடாது. நீதானே ஆரம்பிச்சே. நீ முடி.”

இருபத்தைந்து வருடத்தில் நான் அந்த மெட்டைத் தனியாக வாய்விட்டுப் பாடியதில்லை. எழுதியிருக்கிறேன், வாசித்திருக்கிறேன், விற்றிருக்கிறேன். வாசலில் போய் நின்றேன். மூடுபனி படி விளிம்புவரை வந்திருந்தது. சறுக்கலுக்கு முன்னாலிருந்து தொடங்கி, மூச்சு எடுக்காமல், மெய் எப்படி இழுத்தாளோ அப்படியே இழுத்து முடித்தேன். கை குவிக்கவும் மறக்கவில்லை.

அப்போது நினைக்கவில்லை, வான். கூப்பிடப்பட்டவன் கூப்பிட்டவளின் மெட்டைத்தான் திருப்பிச் சொல்வான் என்று உனக்கு எழுதியவளே நான்தான். எனக்கு மெட்டே கிடையாது. என் அம்மா எனக்குப் பெயர் மட்டும்தான் வைத்தாள்.

பதில் வந்தது. மெய்யின் மெட்டு இல்லை. கிட்டினுடையதும் இல்லை. நான் வாழ்நாளில் கேட்டிராத ஒன்று. எழுதிக் காட்டத் தெரியும், எழுதமாட்டேன். ஆனால் முதல் துண்டு முடிவதற்குள் நான் திரும்பிவிட்டேன். கூட்டத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யோசிக்காமல் தலை திரும்புமே, அப்படி.

மெய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். இந்த ஊரில் அவளுக்குத் தெரியாத மெட்டு இல்லை. பிறகு என்னைப் பார்த்தாள், இதற்குமுன் பார்த்தே இராத ஒருத்தியைப் பார்ப்பதுபோல.

“உனக்கு இதை யாரு வெச்சா?” என்று கேட்டாள்.

ஞாயிறு மாலையும் அது வந்தது. நேற்றும் வந்தது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

பிடா